மணி மூன்று முறை ஒலிக்கும் பிரதி

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு எண், தெரு ஆகியவை நான் காட்டிய அடையாள அட்டையைப் பார்த்து எழுத்தர் மேலே எழுதிக்கொண்டபடி சரியானவை. எனக்கு வயது ஐம்பத்து மூன்று. லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில் இருபத்தாறு வருடமாக மெக்கானிக்காக வேலை செய்து வருகிறேன். மனைவியுடன் வசிக்கிறேன். என் மீது இதுவரை எந்த வழக்கும் கிடையாது. இந்தக் காவல் நிலையத்துக்கு இதற்கு முன் ஒரு முறை வந்திருக்கிறேன். எதற்கு வந்தேன் என்பதை அதன் முறை வரும்போது சொல்கிறேன். என்னை யாரும் மிரட்டவில்லை, யாரும் ஆசை காட்டவில்லை, நானாகவே வந்து சொல்கிறேன்.

பாடகி கொடுத்த புகாரின் பேரில் இப்போது விசாரிக்கப்பட்டு வரும் கீபோர்டு வாசிப்பவர் என் உடன்பிறந்த தங்கையின் கணவர். நான் அவரை மாப்பிள்ளை என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். பாடகியின் புதிய தொகுப்பில் வரவிருந்த எட்டுப் பாடல்களை வெளியீட்டுக்கு முன்பே இணையத்தில் பரப்பியவர் அவர் என்று புகாரில் உள்ளது. பரப்பியவர் அவர் அல்ல. நான்தான் பரப்பினேன்.

மேற்படி பாடகியின் குரல் என்றால் எனக்கு உயிர். என் வேலை பெரும்பாலும் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில், பேச ஆளில்லாமல் நடப்பது. ஒரு காதில் மோட்டார் சத்தமும் மறுகாதில் அவர் பாட்டுமாகப் பன்னிரண்டு வருடம் ஓட்டியிருக்கிறேன். ஏழு வருடங்களுக்கு முன் அவர் பாடல்களைச் சேகரித்துப் பகிர்ந்துகொள்ள ‘தேன்கூடு’ என்று கைப்பேசியில் ஒரு குழு தொடங்கினேன். சென்ற மாதம் அதில் பதினோராயிரத்து நானூறு பேர் இருந்தார்கள். அங்கே என் பெயர் ‘ஊமைக்குயில்’. நான் யார், என்ன தொழில் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. இப்படி ஒரு குழு நடத்துவது என் மனைவிக்கும் தெரியாது. மேடையில் பாடியது, வானொலியில் பாடியது, கடையில் விற்றது என்று கிடைத்ததையெல்லாம் அதில் போட்டோம். பாட்டு காற்று மாதிரி, காற்றுக்கு யாராவது சீட்டு வாங்குவார்களா என்று நான் அடிக்கடி எழுதுவேன், எல்லோரும் கை தட்டுவார்கள். எங்களால்தான் பாடகிக்கு அரங்கம் நிறைகிறது என்றும் எழுதியிருக்கிறேன். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். இந்த வழக்குக்கு அது தேவையில்லை என்று அதிகாரி சொன்னார், சரி.

என் மாப்பிள்ளை அதே பன்னிரண்டு வருடமும் அந்தப் பாடகிக்குப் பின்னால் நின்று வாசித்தவர். இந்த எட்டுப் பாடல்களுக்குத்தான் முதன்முறையாக அவரே இசையமைத்தார். முதன்முறையாக அவர் பெயர் இசையமைப்பாளர் என்று வரவிருந்தது. அட்டைப்படத்தை என் தங்கை எனக்கு அனுப்பி, பெயர் இருந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டிருந்தாள்.

இந்த நிலையில், குழுவில் ‘பழைய டேப்’ என்ற பெயரில் இருந்த ஒருவர், நான் வெகுநாளாகப் புதிதாக எதுவும் போடவில்லை என்று என்னைக் கேலி செய்யத் தொடங்கினார். “பேரு தேன்கூடு, நக்கிப் பாத்தா வெறும் மெழுகு” என்று எழுதினார். நாற்பது ஐம்பது பேர் சிரித்து வைத்தார்கள். முகம் தெரியாதவர்கள் சிரித்ததற்காக ஐம்பத்து மூன்று வயது ஆள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்பதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் நடந்தது.

அதன் பிறகு, சென்ற மாதம் முதல் ஞாயிறு காலை பதினொரு மணி அளவில் நான் தங்கை வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை என்னைத் தன் வாசிப்பு அறையில் உட்காரவைத்து, தன் ஹெட்ஃபோனை அவரே என் காதில் மாட்டிவிட்டு, “வீட்டையும் ஸ்டுடியோவையும் விட்டா நீங்கதான் முதல் ஆளு மச்சான்” என்று சொல்லி முதல் பாட்டைப் போட்டார். பாட்டு ஓடும்போது அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கம்ப்யூட்டர் திரையில் எட்டுப் பாட்டும் எந்த ஃபோல்டரில் இருக்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு முடிந்ததும் பிரமாதம் என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அதன் பிறகு தங்கை சமையலறையிலிருந்து பால் தீர்ந்துவிட்டது என்று சொல்ல, மாப்பிள்ளை கடைக்குப் போனார். அவர் திரும்பி வரச் சுமார் பத்து நிமிடம் ஆனது. அதற்குள் எட்டுப் பாடல்களையும் ஒரு பென்டிரைவில் எடுத்துக்கொண்டேன். வேலைக்காக அந்தப் பென்டிரைவ் எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும் என்று முதலில் எழுதச் சொன்னேன். அந்த வரியை அடித்துவிடக் கேட்டுக்கொண்டேன். அன்று காலை அதில் இருந்ததையெல்லாம் அழித்து, இடம் காலியாக்கி எடுத்துக்கொண்டுதான் வீட்டிலிருந்து கிளம்பினேன். அதன் பிறகு மூவரும் சேர்ந்து சாப்பிட்டோம். மாப்பிள்ளை எனக்கு இரண்டாம் முறையும் பரிமாறினார். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யக் கூடாது என்பார்கள். நான் உண்பதற்கு முன்பே செய்து முடித்திருந்தேன்.

மறுநாள் திங்கள்கிழமை மதிய இடைவேளையில், பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றின் மோட்டார் அறையில் உட்கார்ந்து அந்த எட்டுப் பாடல்களையும் குழுவில் போட்டேன். போடுவதற்கு முன் எங்கள் வழக்கப்படி முத்திரை வைத்தேன். முத்திரை என்பது என்னவென்று அதிகாரி கேட்டதால் விளக்குகிறேன். ஒவ்வொரு பாட்டுக் கோப்போடும் பாடியவர் பெயர், இசையமைத்தவர் பெயர் எழுதும் கட்டங்கள் உண்டு. பாட்டு ஓடும்போது அவை திரையில் தெரியும். எந்தக் குழு பாட்டை வெளியிடுகிறதோ அது தன் பெயரை அதில் போட்டுக்கொள்ளும், அப்போதுதான் பாட்டு எங்கே போனாலும் பெருமை தங்களுக்கு வரும். இசையமைத்தவர் கட்டத்தில் என் மாப்பிள்ளையின் பெயர் இருந்தது. அதை அழித்துவிட்டுத் ‘தேன்கூடு’ என்று போட்டேன். எட்டு முறை அழித்தேன், எட்டு முறை போட்டேன்.

“யாருக்கும் அனுப்பாதீங்க, நமக்குள்ளயே இருக்கட்டும்” என்றும் கீழே எழுதினேன். பதினோராயிரத்து நானூறு பேரிடம் ரகசியம் காக்கச் சொன்ன புத்திசாலி நான்தான். ‘பழைய டேப்’ என் காலில் விழுவதாக எழுதினார். அன்று வீடு திரும்பியபோது எனக்கு இருந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்று கூட இருந்ததில்லை. இதை என் மனைவி படிக்க நேர்ந்தால் மன்னிக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமைக்குள் பாடல்கள் எல்லா இடத்துக்கும் போய்விட்டன. நான்காவது பாட்டின் முடிவில் மணி மூன்று முறை ஒலிக்கும். அதற்கு என்ன பொருள் என்று குழுவில் இரண்டு நாள் வாதம் நடந்தது. மூன்று காலம் என்றார் ஒருவர், காதலன் காதலி பிரிவு என்றார் இன்னொருவர். நான் நடுவராக இருந்து, பிறப்பு வாழ்வு இறப்பு என்று தீர்ப்புச் சொன்னேன். அதற்கு எழுநூறு பேர் ஆமோதித்தார்கள்.

அதன் பிறகு வியாழக்கிழமை காலை என் தங்கை போனில் அழுதுகொண்டே சொன்னபோதுதான் மணியின் பொருள் எனக்குத் தெரிந்தது. மொத்தம் ஐந்து பேருக்குத்தான் பாடல்கள் கொடுக்கப்பட்டிருந்தன. வெளியே கசிந்தால் யாரிடமிருந்து என்று கண்டுபிடிக்க, ஒலிப்பதிவாளர் ஒவ்வொருவர் பிரதியிலும் மணியை வெவ்வேறு எண்ணிக்கையில் ஒலிக்க வைத்திருக்கிறார். மூன்று முறை ஒலிப்பது மாப்பிள்ளைக்குக் கொடுத்த பிரதி. ஆடியோ கம்பெனி வெளியீட்டை நிறுத்திவிட்டது. வெளியீட்டன்று நடக்கவிருந்த கச்சேரியும் நின்றது. பாடகி மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, “உங்க மேல சந்தேகப்பட எனக்கு இன்னும் மனசு வரல, ஆனா மணி பொய் சொல்லாது” என்று சொன்னாராம்.

நான் உடனே குழுவைக் கலைத்தேன். அந்தக் கணக்கை அழித்தேன். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான்.

அடுத்த சனிக்கிழமை ஒரு குடியிருப்பில் லிஃப்டின் பொத்தான் பலகையை மாற்றிவிட்டு, சோதித்துப் பார்க்க மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தேன். மூன்றாவது மாடியில் இரண்டு பெண்கள் ஏறினார்கள், கல்லூரிப் பிள்ளைகளாக இருக்கலாம். ஒருத்தியின் போனில் இரண்டாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. “சூப்பரா இருக்குடி, யாரு மியூசிக்?” என்று மற்றவள் கேட்டாள். இவள் திரையைப் பார்த்து, “தேன்கூடுன்னு போட்டிருக்கு. புது பேண்டு போல” என்றாள். தரைத்தளம் வரும்வரை நான் பொத்தான்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் மாப்பிள்ளை பன்னிரண்டு வருடம் காத்திருந்த கேள்வியை அந்தப் பெண் கேட்டாள், பதிலை நான் அழித்து வைத்திருந்தேன். அவர்கள் இறங்கிப் போன பிறகும் நான் இறங்கவில்லை.

அதன் பிறகு இந்த மாதம் பத்தாம் தேதி மாப்பிள்ளையை இந்த நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். குடும்பத்தில் மூத்தவர் கூட வந்தால் நல்லது என்று தங்கை என்னைக் கூப்பிட்டாள். நான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தேன். கூப்பிடும்போதெல்லாம் அவரை ஆஜர்படுத்துவேன் என்று பொறுப்புக் கையெழுத்தும் நான்தான் போட்டேன். அந்தத் தாள் இந்த நிலையத்தில்தான் இருக்கும். அன்று அதிகாரி மாப்பிள்ளையிடம், அந்தக் கம்ப்யூட்டரை வேறு யார் தொடுவார்கள் என்று கேட்டார். “நானும் என் மனைவியும்தான் சார். அவளுக்கு அதை ஆன் பண்ணவே தெரியாது” என்று மாப்பிள்ளை சொன்னார். நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. கம்ப்யூட்டரையும் கீபோர்டையும் ஆதாரமாக எடுத்துக்கொண்டார்கள். திருடன் என்று பெயர் வாங்கியவரை எந்த ஸ்டுடியோ உள்ளே விடும்? அன்றிலிருந்து அவருக்கு வேலை இல்லை.

சென்ற சனிக்கிழமை மாலை என் தங்கை ஒரு பையில் துணிகளோடு என் வீட்டுக்கு வந்தாள். “அவர்தான் செஞ்சிருப்பாருண்ணா. பாட்டு சீக்கிரம் வெளிய வரணும்னு அவருக்கு அவ்வளவு அவசரம். என்கிட்டயாவது ஒத்துக்கச் சொன்னா, கல்லு மாதிரி உக்காந்திருக்காரு” என்றாள். அதன் பிறகு, “நீயே சொல்லு, அவர் செஞ்சிருப்பாரா?” என்று கேட்டாள். நான், “தெரியலையேம்மா” என்றேன்.

பாட்டை எடுத்ததையும் பெயரை அழித்ததையும் விட இந்த ஒரு வார்த்தைதான் கேவலமானது என்று நினைக்கிறேன். முன்னதை ஆசையில் செய்தேன் என்றாவது சொல்லலாம். இதற்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

நேற்றுக் காலை மாப்பிள்ளை தங்கையை அழைத்துப்போக வந்தார். அவள் கதவைத் திறக்க மறுத்துவிட்டாள். நான் வெளியே போய், உள்ளே வரச் சொன்னேன். அவர் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, தணிந்த குரலில் பேசினார். “நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் மச்சான். பொறந்த வீடுன்னு அவளுக்கு உங்களை விட்டா வேற யாரு இருக்கா? நான் செய்யலைன்னு அவளை மட்டும் நம்ப வெச்சிடுங்க. மத்தவங்க என்ன நினைச்சாலும் பரவாயில்ல.” இவ்வளவுதான் சொன்னார். ஒரு மாதமாக அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. என்னைத் திட்டியிருந்தால், நான் இன்னும் சில நாள் பொய்யில் ஓட்டியிருப்பேன் என்றே தோன்றுகிறது. அவர் தெருமுனை வரை நடந்து போவதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தேன்.

இன்று காலை ஒன்பதரை மணிக்கு, ஒரு வேலை இருக்கிறது கூட வா என்று மட்டும் சொல்லித் தங்கையை அழைத்துக்கொண்டு இங்கே வந்தேன். பென்டிரைவையும் என் கைப்பேசியையும் ஒப்படைத்துவிட்டேன். கைப்பேசியில் அந்த எட்டுப் பாடல்கள் இன்னும் உள்ளனவா என்று அதிகாரி கேட்டார். உள்ளன. அழிக்க மனம் வரவில்லை. ஐந்தாவது பாட்டை என் வாழ்நாளில் நான் கேட்ட எதை விடவும் நல்ல பாட்டு என்று சொல்வேன், அதை அமைத்தவரிடம் இதுவரை சொன்னதில்லை.

என் மாப்பிள்ளை இதில் எந்தக் குற்றமும் செய்யவில்லை. எனக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

நான் சொன்னது எல்லாவற்றையும் எழுத்தர் எழுதி முடித்து, எனக்குப் படித்துக் காட்ட முன்வந்தார். வெளியே பெஞ்சில் இருக்கும் என் தங்கையை உள்ளே அழைத்து, அவள் காதிலும் விழும்படி படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அவளிடம் இதை என் வாயால் சொல்ல எனக்குத் துணிவில்லை. அதிகாரி அனுமதித்தார். முதலிலிருந்து கடைசி வரை படிக்கப்பட்டது. இதில் எழுதியிருப்பது அத்தனையும் நான் சொன்னதே, சொன்னது அத்தனையும் நடந்ததே.

படித்து முடித்ததும் என் தங்கை என் பக்கம் பார்க்கவில்லை. அதிகாரியிடம், “சார், இதை போட்டோ எடுத்துக்கலாமா? அவருக்கு அனுப்பணும்” என்று கேட்டாள். கையெழுத்து ஆகாமல் எடுக்கக் கூடாது என்று அதிகாரி சொன்னார். அவள் போனைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருக்கிறாள். கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)