அளவுக்கு ஒரு ஆள்

— லென்ஸ எங்கயாவது கீழ போட்டீங்களா மாமா? உண்மையச் சொல்லுங்க, திட்ட மாட்டேன்.

— போடல.

— பாறையில கீறையில இடிச்சீங்களா?

— இல்ல மாப்ள.

— பின்ன என்ன இது? ஒரு மாசம் கடலோரம், மலைன்னு கால் தேய நடந்திருக்கீங்க. கார்டு கார்டா கொண்டாந்து என் மேசையில கொட்டியிருக்கீங்க. இதுல ஒரு மலையாவது மலை மாதிரி இருக்கா? கண்ணாடிய மறந்துட்டுப் போனவன் பாத்த மாதிரி இருக்கு. இந்தக் கலங்கரை விளக்கத்தப் பாருங்க, தலையே கரைஞ்சு போச்சு.

— இருக்கட்டும்.

— என்னத்த இருக்கட்டும்? காலண்டர்காரன் நாளைக்கு வந்து வாசல்ல நிப்பான். அவனுக்கு எதத் தூக்கிக் குடுக்க?

— பழசு இருக்குல்ல. குடு.

— பழச அவன் மூணு வருசமா போட்டுட்டான். அட போங்க மாமா. நடந்துட்டு வாங்க, மனசு கொஞ்சம் லேசாகும்னு நான்தான் உங்கள அனுப்பி வெச்சேன். என்னைத்தான் செருப்பால அடிக்கணும். காப்பி ஆறுது, குடிங்க.

— இருக்கட்டும்.

— எதக் கேட்டாலும் இதே ஒரு வார்த்தை. ஒரு நிமிஷம்... என்ன சார், பாஸ்போர்ட்டா? உள்ள போய் ஸ்டூல்ல உக்காருங்க. காலர நேராக்கிக்குங்க. ரெண்டு காதும் தெரியணும், முடிய ஒதுக்கிக்குங்க. இதோ வந்துட்டேன்.

— போய் அவரப் பாரு.

— அவரு எங்க ஓடிடப் போறாரு? கண்ணாடியப் பாத்துத் தலை சீவவே பத்து நிமிஷம் ஆகும். மூஞ்சி வியாபாரத்துல அவசரமே இல்ல மாமா. நீங்கதான் மூஞ்சியே வேணாம்னு மலை வியாபாரத்துக்குப் போனவரு.

— ம்.

— சொல்லணும்னு சொல்லல. வாய்ல வந்துருச்சு.

— பரவால்ல.

— அம்மா இன்னிக்குக் காலையிலயும் கேட்டாங்க. அக்கா தவறுனதுல இருந்து ஹால் சுவத்துல படத்துக்குன்னு ஆணி அடிச்சு வெச்சிருக்காங்க. வெறும் ஆணி. அதையே பாத்துட்டு உக்காந்திருக்காங்க. ‘ஃபோட்டோ கடை வெச்சிருக்கே, கட்டிக்கிட்டவரு ஊரூரா படம் புடிக்கிறாரு, என் பொண்ணுக்கு ஒரு படம் இல்லையாடா’ன்னு கேக்குறாங்க. நான் என்னத்தச் சொல்ல?

— அடையாள அட்டையில இருக்குறத...

— அதப் பெருசாக்கிக் கொண்டு போனேன். கையில வாங்கிப் பாத்துட்டு, ‘இது யாரு, திருடி மாதிரி முழிக்கிறா’ன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. அக்காவே அந்தப் படத்தப் பாத்தா கிழிச்சுப் போட்டுருப்பாங்க.

— ஃபோன்ல?

— அக்கா ஃபோன்ல எல்லாரும் இருக்காங்க. அக்காதான் இல்ல. புடிக்கிறது அவங்கல்ல. என் ஃபோன்ல ஒண்ணு இருக்கு, பாதி மூஞ்சி. இன்னொண்ணுல கைய நீட்டி மறைச்சுட்டாங்க. கல்யாண ஆல்பம் வீட்டுல தண்ணி புகுந்தப்பவே போச்சு. உங்ககிட்ட இருக்குறது எல்லாம் முதுகு மாமா. ஹார்ட் டிஸ்க் ஹார்ட் டிஸ்க்கா முதுகு. மஞ்சக் கோட்டப் போட்டுக்கிட்டு, மலையப் பாத்து, கடலப் பாத்து, மரத்தப் பாத்து.

— அளவுக்கு ஒரு ஆள் நிக்கணும். இல்லன்னா மலை எவ்ளோ பெருசுன்னு பாக்குறவனுக்குத் தெரியாது.

— அது எனக்குத் தெரியும். அந்த ஆள் ஒரு தடவை திரும்பி நின்னா மலை சின்னதாப் போயிருமா?

— முகம் தெரிஞ்சா கண்ணு அங்கதான் போகும். மலைக்குப் போகாது. திரும்பாதன்னு சொல்லிருவேன். அவளும் திரும்ப மாட்டா.

— அவங்களுக்குப் புடிச்சுதான் நின்னாங்களா?

— தெரியல. கேட்டதில்ல. மூணு டிக் கேக்குற வரைக்கும் நிப்பா. ஒண்ணு சரியா, ஒண்ணு இருட்டா, ஒண்ணு வெளிச்சமா, பின்னால மூணையும் ஒட்டி ஒரே படமாக்க. எண்ணிக்கிட்டே இருப்பா. மூணாவது கேட்டதும் திரும்பி ‘ஆச்சா?’ன்னு கத்துவா. அதுக்குள்ள நான் கேமராவக் கழட்ட ஆரம்பிச்சிருப்பேன்.

— ஒரு தடவை கூட...

— ஒரு தடவை கூட.

— ...உங்கள மட்டும் குத்தம் சொல்லி என்ன ஆகப்போவுது? நான் ஒரு நாளைக்கு எத்தன மூஞ்சி புடிக்கிறேன். எதிர் வீட்டு நாய்க்குக் கூட லைசன்ஸுக்கு நான்தான் புடிச்சேன். அந்த ஸ்டூல்ல அக்காவ ஒரு நாள் உக்கார வெக்கல. இங்க வருவாங்க, காப்பி வெச்சுக் குடுப்பாங்க, என் மேசையத் துடைச்சுட்டுப் போவாங்க. ‘உனக்கும் ஒண்ணு எடுக்கட்டுமாக்கா’ன்னு கேக்க எனக்கும் வாய் வரலையே. சரி, விடுங்க. ராத்திரி எல்லாம் தூங்குறீங்களா?

— படுக்குறேன்.

— அழுகையாவது வருதா?

— வரல. உள்ள பஞ்சு அடைச்ச மாதிரி இருக்கு. காலையில எழுந்து நடந்தேன். சாயங்காலம் வரைக்கும் நடந்தேன். கடல் இருந்துச்சு. மலை இருந்துச்சு. ஒண்ணும் தோணல. நாங்க போன இடத்துக்கெல்லாம் போனேன், புது இடத்துக்குப் போகல. ஒரு நாள் அவ கோட்ட எடுத்து ஒரு குச்சியில மாட்டி, அவ நிக்கிற இடத்துல நட்டுப் பாத்தேன்.

— மாமா!

— வயல்ல வைக்கிற பொம்மை மாதிரி இருந்துச்சு. புடுங்கிட்டேன்.

— ஏன் மாமா இப்படி... இருங்க. இருங்க இருங்க. அவங்க நிக்கிற இடம்னா, அதே இடமா?

— அதே இடம்தான். ட்ரைபாட் கால் வெச்ச பாறை கூட அதேதான்.

— இந்தப் படத்தப் பெருசாக்குறேன், பாருங்க. மலை கலங்கியிருக்கு. வானமும் கலங்கியிருக்கு. ஆனா நடுவுல இந்தப் புல்லு இருக்கு பாருங்க. ஒவ்வொண்ணா எண்ணலாம் போல இருக்கு. அடுத்ததுலயும் ஒரு திட்டு மணல், நண்டு வளை வரைக்கும் தெரியுது. இதுல ஒரு கல்லு. லென்ஸ்ல ஒரு கோளாறும் இல்ல மாமா. ஃபோகஸ் அங்கதான் வெச்சிருக்கீங்க.

— எங்க?

— அக்கா நிக்கிற எடத்துல.

— ...கை பழக்கம்.

— ஒரு மாசமா ஆளே இல்லாத எடத்துல ஃபோகஸ் வெச்சுப் புடிச்சிருக்கீங்க.

— அப்படீன்னா முன்னாடி எடுத்ததும் இப்படித்தான இருந்திருக்கணும்? அதுல மலை நல்லாத்தான இருந்துச்சு.

— அதையும் பாத்துருவோம். இதே கலங்கரை விளக்கம், பழசு இந்த டிஸ்க்ல இருக்கும். நீங்க அழிக்கச் சொன்னதக்கூட நான் அழிக்கல, சோம்பேறித்தனம். இதோ... பாருங்க மாமா. இதுலயும் விளக்கு கலங்கித்தான் இருக்கு. காலண்டர்ல போட்டமே, அந்தப் படம்! ஒரு ஆளும் கண்டுபுடிக்கல.

— எப்படி?

— எல்லாரும் மஞ்சக் கோட்டத்தான் பாத்துட்டு இருந்திருக்கோம். அவங்க கூர்மையா இருந்தாங்க, அதனால மலையும் நல்லா இருக்குன்னு நெனச்சுக்கிட்டோம்.

— எப்பவுமேவா?

— இது, இது, இந்த மொட்டைப் பாறை... ஆமா மாமா. எப்பவுமே. நீங்க மலைய ஒரு நாளும் புடிக்கல.

— அந்த மொட்டைப் பாறை எப்ப எடுத்தது? திருப்பிக் காட்டு.

— இது நீங்க புது கேமரா வாங்குன அன்னிக்கு எடுத்தது. இந்தக் கேமராதான். இது என்ன, ஒரே நிலையில அஞ்சு இருக்கு? உங்களுக்கு எப்பவும் மூணுதானே?

— வாங்குனப்ப கடைக்காரன் ஒரு அமுக்குக்கு அஞ்சுன்னு வெச்சிருந்தான். எனக்குத் தெரியாது. மூணுக்கு அப்புறமும் அது பாட்டுக்கு டிக், டிக்னு அடிச்சுச்சு. அவ எறங்கி வந்து, ‘இன்னும் ரெண்டு கேட்டுச்சே, யாரப் புடிச்சீங்க?’ன்னு கேட்டா.

— நீங்க என்ன சொன்னீங்க?

— யாரையும் இல்ல, மலையத்தான்னு சொன்னேன்.

— கடைசி ரெண்டத் தொறந்து பாக்கலையா?

— எதுக்கு? ஒண்ணு ஒரேயடியா இருட்டு, இன்னொண்ணு ஒரேயடியா வெளுப்பு. ஒட்டுறதுக்கும் ஆகாது. குப்பை.

— நாலாவது... கரியா இருக்கு. மலையோட ஓரம் மட்டும்தான் தெரியுது. கோட்டு பக்கவாட்டுல திரும்புற மாதிரி இருக்கு.

— மூணு எண்ணியிருப்பா.

— அஞ்சாவதத் தொறக்குறேன். பழைய கம்ப்யூட்டர், சுத்திக்கிட்டே நிக்குது... சார், இதோ வந்துட்டேன் சார்! மாமா.

— என்ன?

— இங்க வாங்க.

— இருக்கட்டும். நீ சொல்லு.

— இதுல மலையே இல்ல. பாறை இல்ல, வானம் இல்ல. பின்னாடி இருந்து வந்த வெயில் எல்லாத்தையும் வெளுத்துருச்சு, வெள்ளைத் தாள் மாதிரி. ஆனா அவங்க மூஞ்சி வெயிலுக்கு மறைவா இருந்துச்சுல்ல, நிழல்ல. அதுக்கு மட்டும் வெளிச்சம் அளந்து ஊத்துன மாதிரி விழுந்திருக்கு. சின்னதுதான், ஆனா பெருசாக்குனாத் தாங்கும். நெத்தியில முடி ஒட்டியிருக்குறது வரைக்கும் தெரியுது. நேரா உங்களத்தான் பாக்குறாங்க மாமா.

— சிரிக்கிறாளா?

— இல்ல. வாய் லேசாத் தொறந்திருக்கு. ஏதோ கேக்குற மாதிரி.

— ‘ஆச்சா?’ன்னு கேக்குறா.

— அழாதீங்க மாமா. இல்ல, அழுங்க. நல்லா அழுங்க. நான் கதவச் சாத்திக்கிறேன்... இன்னிக்கே ஃப்ரேம் போட்டு அம்மாகிட்ட குடுத்துருவோம். பின்னாடி மட்டும் வெறுமையா இருக்கு. மொதப் படத்துல இருந்து அந்த மலைய எடுத்து ஒட்டிரட்டுமா? ரெண்டு நிமிஷ வேலை.

— மலை வேணாம் மாப்ள. அவ மட்டும் இருக்கட்டும்.