நாவலடிக்குளத்தின் ஒரு சதுரம்

என் கையெழுத்து வடிவானது என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். ஊர் விவசாயிகளின் கமக்கார அமைப்பில் செயலாளர் பதவி எனக்குக் கிடைத்ததே அதனால்தான். வயலைப் பற்றி எனக்குத் தெரிந்தது, நெல் பச்சையாக வந்து மஞ்சளாக முடியும் என்பது மட்டும். ஆகவே மிஸ், நீங்கள் கேட்டு, நான் சொல்லி, அதை உங்கள் எழுதுவினைஞர் பிழைபிழையாக எழுதி நேரம் வீணாக வேண்டாம். நானே எழுதித் தருகிறேன். நீங்கள் தேநீரைக் குடியுங்கள். என் மனைவி கௌசலா இஞ்சி போட்டிருக்கிறாள்.

பெயர் ஜனார்த்தனன். வயது முப்பத்தெட்டு. ஊர், நெடுங்கேணியிலிருந்து உள்ளே வந்தால் நாவலடிக்குளம். குளத்துக்கும் ஊருக்கும் ஒரே பெயர். குளத்துத் தண்ணீரை வாய்க்காலுக்குத் திறந்துவிடும் துருசின் பூட்டுத் திறப்பு என்னிடம்தான் இருந்தது. இவ்வளவும் உங்கள் கமநல அலுவலக விசாரணைக் கோப்பிலேயே இருக்கும். இல்லாதது ஒரு ட்ரக்டரின் கதை. அங்கிருந்து தொடங்கினால்தான் மற்றது விளங்கும்.

யுத்தம் நின்றிருந்த சமாதான காலத்தில் நானும் என் கூட்டாளி நிரஞ்சனும் பள்ளிக்கூடம் விட்டு நேரே ஒரு கணினி நிலையத்துக்கு ஓடுவோம். அங்கே ஒரு விளையாட்டு இருந்தது. ஏதோ ஒரு வெள்ளைக்கார நாட்டுக் கிராமத்தில் ட்ரக்டர் ஓட்ட வேண்டும். உழவேண்டும், விதைக்கவேண்டும், வெட்டவேண்டும். ஜெனரேட்டர் நிற்கும்வரை ஓட்டுவோம். வீட்டில் மண்வெட்டியைத் தொடாத இரண்டு கள்ளர்கள் அங்கே நூறு ஏக்கர் உழுதோம். நிரஞ்சன் இப்போது டொராண்டோவில் இருக்கிறான். பதினாறு வருடமாக ஊருக்கு வரவில்லை.

போன வருடம் அந்த விளையாட்டு மறுபடி என் கையில் கிடைத்தது. எனக்கு வந்த சந்தோசத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கௌசலா, "உங்களுக்கு விசர்தான்" என்றாள். அவள் சொன்னதில் பிழையில்லை. ஆனால் விளையாட்டு கிழடு தட்டிப்போயிருந்தது. மரங்கள் எல்லாம் மட்டையை வெட்டிக் குறுக்கே நட்டுவைத்த மரங்கள். வீட்டுச் சுவர்கள் மங்கிய கறைகள். என்னுடைய கணினியோ நெளுக்குளத்தில் ஒரு பெடியனிடம் வாங்கிய பழசு. புதிய விளையாட்டு எதையும் போட்டால் அதற்கு மூச்சு வாங்கும்.

அப்போதுதான் மோட் என்பதைப் படித்தேன். பழைய விளையாட்டின் தோலை உரித்துப் புதுத்தோல் போர்த்துவது. எலும்பு பழையது, தோல் புதியது. இதில் ஒரு தர்மசங்கடம் உண்டு. ஒரு நொடிக்கு முப்பது படம் திரையில் ஓடினால்தான் கண்ணுக்கு அசைவு வழுக்கிக்கொண்டு போகும். அழகு கூடக்கூடப் பாரம் கூடும், பாரம் கூடினால் படம் குறையும், இருபதுக்குக் கீழே போனால் ட்ரக்டர் நொண்டும். அழகும் வேண்டும், வேகமும் குறையக்கூடாது. பானையும் உடையக்கூடாது, பாம்பும் சாகவேண்டும் என்ற கதைதான்.

அதற்கு வழி ஒன்று இருக்கிறது. பெரிய படங்களைக் குவிக்கக்கூடாது. ஒரே ஒரு சின்னச் சதுரப் படம், ஆனால் திறமான படம். அதையே பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு போனால் முழுச் சுவரும் வரும், முழுத் தெருவும் வரும். கணினி ஒரு படத்தைத்தான் நினைவில் வைத்திருக்கும். இதை நான் கண்டுபிடித்த அன்று குசினிக்குள் போய்க் கௌசலாவைத் தூக்கிச் சுற்றினேன். அந்த வெள்ளைக்கார ஊரை எடுத்துவிட்டு, நாவலடிக்குளத்தையே உள்ளே வைத்துவிடலாம்.

அதன்பிறகு எனக்கு நித்திரையும் சாப்பாடும் மறந்துபோயின. கைத்தொலைபேசியும் ஓர் ஏணியுமாக ஊரெல்லாம் திரிந்தேன். கிறவல் தெருவைப் படம் பிடித்தேன். கோயில் மதிலைப் பிடித்தேன். எந்தச் சதுரத்திலும் நிழல் விழக்கூடாது. விழுந்தால் அந்த நிழலும் ஆயிரம் தரம் ஒட்டுப்படும். கமலேஸ்வரி அக்காவின் வெள்ளைச் சுவரில் அவருடைய முருங்கையின் நிழல் எந்த நேரமும் கிடந்தது. அவர் கிளினிக்குக்குப் போன ஒரு காலையில் முருங்கையைத் தறித்துவிட்டேன். காற்றுக்கு முறிந்தது என்று சொன்னேன். முருங்கை முறிவது உலக வழக்கம் ஆகையால் அவர் நம்பினார். இரண்டு நாள் எங்கள் வீட்டுக்கும் முருங்கையிலைக் கறி கொடுத்துவிட்டார். அருமையான கறி.

நல்ல துரு தேவைப்பட்டபோது அமைப்பின் தலைவர் கனகலிங்கம் அண்ணையின் புதுக் கலப்பையை இரவல் வாங்கி, உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டேன். ஐந்து நாளில் செம்மஞ்சள் துரு பூத்தது. திருப்பிக் கொடுக்கும்போது, "இப்ப வாற இரும்பெல்லாம் இப்பிடித்தான் அண்ணை" என்றேன். அவரும், "ஓம் தம்பி, எல்லாம் கலப்படம்" என்று ஒத்துக்கொண்டார். இதையெல்லாம் நீங்கள் கேட்கவில்லை. சொல்ல ஆசையாக இருக்கிறது, சொல்கிறேன்.

சித்திரை முடிவில் முக்கால்வாசி ஊர் உள்ளே வந்துவிட்டது. வேகம் நொடிக்கு முப்பத்தொரு படம். நிரஞ்சனுக்கு அனுப்பினேன். மூன்று மணித்தியாலம் ஓட்டிவிட்டு அழைத்தான்.

"மச்சான், எல்லாம் விட்ட இடத்தில அப்பிடியே கிடக்கு. ஆனா நிலம் மட்டும் பிளாஸ்டிக் பாய் விரிச்ச மாதிரியடா."

அவன் சொன்னது உண்மை. அது என் நெஞ்சில் முள்ளாக ஏறிவிட்டது.

நிலம் பிடிப்பது சுவர் பிடிப்பதுபோல் லேசான வேலை இல்லை. வீட்டு வளவில் ஒரு சதுரம் பிடித்தேன். அதில் ஒரு சோடா மூடி கிடந்ததை நான் கவனிக்கவில்லை. விளையாட்டில் போட்டதும் அடிவானம் வரைக்கும் சோடா மூடிகள் வரிசையாக மின்னின. வயல் கரையில் பிடித்தேன், ஆட்டுப் புழுக்கை. ஊர் முழுக்க அளவெடுத்து வைத்ததுபோல் ஆட்டுப் புழுக்கை. விழுந்து விழுந்து சிரித்தேன், பிறகு அழுகை வந்தது. மனிதனும் மாடும் மிதிக்காத ஒரு சதுர நிலம் இந்த ஊரில் இல்லை.

அத்தோடு, தட்டையான மண் போதாது. வெடித்த மண் வேண்டும். வெடிப்புக்குள் இருக்கும் இருட்டைப் படத்தில் பார்த்தால் கண் அதை ஆழம் என்று நம்பிவிடும். உண்மையான மேடுபள்ளம் போட்டால் கணினி படுத்துவிடும். வெடிப்பின் படம் போட்டால் அதே ஆழம் சும்மா வரும். அப்படிப்பட்ட மண் ஓர் இடத்தில்தான் இருந்தது. குளத்தின் அடியில்.

ஆவணியில் குளம் தானாக வற்றும், பொறுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் யோசித்தேன். மெல்ல மெல்ல வற்றும்போது மாடுகள் தண்ணீரோடு கூடவே இறங்கி வரும். அடிநிலம் முழுக்கக் குளம்புத் தடம். ஒரேயடியாக வற்றவேண்டும், சேறு இடுப்பளவு இருக்கவேண்டும், அப்போதுதான் எந்தச் சீவனும் கால் வைக்காது. அடுத்த ஊர்க் குளத்தில் எடுக்கலாமே என்றால், அந்த மண் கொஞ்சம் செம்மை. நிரஞ்சன் கண்டுபிடித்துவிடுவான்.

அப்போது வயலில் சிறுபோகப் பயிர். நாற்பது ஏக்கர், மூன்று மாத நெல், கதிர் வரப்போகும் குடலைப் பருவம். இன்னும் மூன்று தண்ணீர் கொடுத்தால் அறுவடை. குளத்தில் இருந்ததும் சரியாக மூன்று தண்ணீர்தான். இது எனக்குத் தெரியும். தண்ணீர்க் கணக்கை எழுதியதே நான்.

வைகாசிப் பொங்கலுக்கு எங்கள் ஊர் முழுக்க வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போய்விடும். சமையல் சாமானோடு ட்ரக்டர் பெட்டிகளில் ஏறினால் இரண்டு நாளைக்கு ஊரில் நாய்களும் கணபதியும் மட்டும்தான். கணபதி குளத்துக் காவல்காரர். அவருடைய தகப்பன் மலையகத்தில் கலவரத்தில் அடிபட்டு இங்கே வந்தவர். குளக்கட்டில் ஒரு கொட்டில், காவலுக்குப் பதிலாகப் பயிரிட அமைப்பு விட்டுக்கொடுத்த அரை ஏக்கர், மனைவி ராஜினி. அவ்வளவுதான் அவருடைய சீவியம்.

ஊர் புறப்பட்டுப் போன காலையில் அவரிடம் போனேன்.

"கணபதி அண்ணை, நீங்களும் அக்காவும் கோயிலுக்குப் போயிட்டு வாங்கோ. குளத்தை நான் பாக்கிறன்."

"வேணாங்க தம்பி. தலைவருக்குத் தெரிஞ்சா ஏசுவாரு."

"நான் செயலாளர் சொல்லுறன். போங்கோ."

அவருடைய கண் கலங்கிவிட்டது. "அம்மனைப் பாத்து எட்டு வருசமாச்சுங்க" என்றார். ராஜினி அக்கா பெட்டிக்குள் இருந்த சேலையை எடுத்து உடுத்தினார். அவர்களைப் பேருந்து ஏற்றிவிட்டதும் நான்தான். எனக்கு மனம் நிறைந்திருந்தது. ஒரு ஏழையைக் கோயிலுக்கு அனுப்பிய புண்ணியம் ஒரு பக்கம்.

பிறகு துருசைத் திறந்தேன். முழுதாக. திறந்தபின் பூட்டைச் சுத்தியலால் உடைத்தும் வைத்தேன். திறப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பூட்டை உடைப்பது எனக்கே வேடிக்கையாக இருந்தது. தண்ணீர் வாய்க்காலால் பாய்ந்து, வயலை நிரப்பி, வரம்புக்கு மேலால் வழிந்து, கழிவாற்றில் விழுந்து காட்டுக்குள் போனது. அந்தச் சத்தம் கேட்க நன்றாக இருந்தது. மத்தியானம் மோட்டார் சைக்கிளில் நானும் வற்றாப்பளைக்குப் போய்ப் பொங்கல் பார்த்தேன். கணபதி சனத்துக்குள் என்னைக் கண்டு கும்பிட்டார். தலைவர் என்னோடு நின்றதால் நான் வேறு பக்கம் பார்த்தேன்.

மூன்றாம் நாள் ஊர் திரும்பியது. குளத்தில் கொக்குகள். சேற்றில் விரால்கள் துடித்துக்கொண்டிருந்தன. கனகலிங்கம் அண்ணை குளக்கட்டில் குந்தியிருந்து தலையில் கை வைத்தார். அவருடைய மகளின் கலியாணம் இந்த வெள்ளாமையை நம்பி ஆடிக்குப் பின் வைத்திருந்தது.

அன்று பின்னேரமே கூட்டம் கூடியது. தலைவர் கேட்டார்: "பூட்டு உடைஞ்சு கிடக்கு. காவல்காரனைக் காணேல்லை. இதுக்கு மேல என்ன விசாரணை?"

"நான் போகமாட்டேன்னுதானுங்க சொன்னேன்," என்றார் கணபதி. "செயலாளர் தம்பிதான் போகச் சொன்னாரு. கேட்டுப் பாருங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் குறிப்பேட்டைப் பார்த்தேன். பிறகு, "எனக்கு அப்பிடி ஒண்டும் நினைவில்லை" என்றேன். பின்னாலிருந்து யாரோ, "வந்தான் வரத்தானை நம்பிக் குளத்தைக் குடுத்தா இப்பிடித்தான்" என்றார்கள். அதற்குப் பிறகு நான் எதுவும் பேசத் தேவைப்படவில்லை. ஊர் தானாகவே பேசி முடித்தது. மீன் கள்ளர்களோடு சேர்ந்து கணபதிதான் திறந்தார் என்று தீர்மானமாயிற்று. அரை ஏக்கரைத் திருப்பி எடுத்தார்கள். கொட்டிலைப் பிரித்தார்கள். குறிப்பேட்டில் நான் இப்படி எழுதினேன்: காவலாளி முன்னுக்குப்பின் முரணாகப் பேசினார். நீங்கள் அந்தப் பக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வெட்டுத் திருத்தம்கூட இல்லை.

கணபதி போகும்போது என் வீட்டு வாசல் படலைக்கு வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "தம்பிக்கு நெசமாவே மறந்திருச்சுங்களா?" என்று மட்டும் கேட்டார். நான் ஓம் என்றேன். இப்போது நெளுக்குளத்துப் பக்கம் ஓர் ஆலையில் மூட்டை தூக்குகிறாராம்.

நெல் பதராகிப் போனது. மாடுகளை அவிழ்த்து வயலுக்குள் விட்டார்கள். எனக்குக் கவலையாகத்தான் இருந்தது. ஆனால் ஆவணியில் எப்படியும் வற்றப்போகிற குளம்; நான் இரண்டு மாதம் முந்திவிட்டேன், வேறொன்றும் இல்லை.

சோளகக் காற்று அடித்தது. பதின்மூன்றாம் நாள் குளத்தின் நடு வெடித்தது. அன்று வானத்தில் மூட்டம், ஒரு நிழல் இல்லை. பலகைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு நடுவுக்குப் போனேன். ஏணியை விரித்து ஏறிக் கீழே பார்த்தேன். மிஸ், நான் அதைப்போல ஒன்றைப் பார்த்ததில்லை. ஒரு தடம் இல்லை, ஒரு குப்பை இல்லை. சாம்பல் நிற ஓடுகள் ஒன்றோடொன்று பொருந்திக் கிடந்தன. ஒரே படம்தான் எடுத்தேன். சந்தோசத்தில் ஏணியிலேயே பாடினேன்.

விளையாட்டில் அதைப் போட்டதும் ஊருக்கு உயிர் வந்தது. வேகம் அதே முப்பத்தொன்று. ஒரு படம்கூடக் குறையவில்லை. அங்கே குளத்தை நிரப்பியே வைத்தேன். அசையாத தண்ணீருக்கு ஒரு நீலச் சதுரம் போதும். நிரஞ்சன் ட்ரக்டரைக் குளக்கட்டில் நிறுத்திவிட்டு, தொலைபேசியில் விம்மி விம்மி அழுதான். பிறகு மோட்டை இணையத்தில் ஒரு விளையாட்டுக் குழுமத்தில் எல்லோருக்கும் வெளியிட்டேன். நானூறு பேருக்கு மேல் பதிவிறக்கினார்கள். அந்த ஒரு கிழமை எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

ஏன் இப்போது, இவ்வளவு மாதம் கழித்து, நானாகவே உங்களை அழைத்தேன் என்று கேட்டீர்கள். மனச்சாட்சியா என்றும் கேட்டீர்கள். அப்படி வைத்துக்கொள்ளலாம். போன மாதம் அந்தக் குழுமத்தில் போலந்துக்காரன் ஒருவன் எழுதினான்: இப்படி ஒரு நிலம் உலகத்தில் இல்லை, இது செயற்கை நுண்ணறிவு வரைந்த படம், இந்த ஆள் ஒரு ஏமாற்றுக்காரன். அதற்குக் கீழே நூற்றுக்கு மேற்பட்டவர்கள் ஓம் போட்டிருந்தார்கள். நிரஞ்சனும் ஒரு சிரிப்புப் படம் போட்டிருந்தான். நான் ஒருவரையும் ஏமாற்றுகிறவன் இல்லை, மிஸ். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆகவே முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். குளத்தைத் திறந்தது நான். பூட்டை உடைத்தது நான். கணபதியைப் போகச் சொன்னது நான், இல்லை என்றதும் நான். படம் எடுத்த இடம் துருசிலிருந்து தொண்ணூறு அடி; வெடிப்பு ஒன்பது அங்குல ஆழம். இந்த இரண்டு அளவும் அறிக்கையில் கட்டாயம் வரவேண்டும். எனக்கு அத்தாட்சிப்படுத்திய பிரதி வேண்டும், தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. முத்திரை தெளிவாக விழட்டும், குழுமத்தில் போடவேண்டும்.

கணபதிக்கும் ஒரு பிரதி அனுப்பலாமா என்று கேட்டீர்கள். தாராளமாக அனுப்புங்கள். ஆனால் ஒரு கிழமை பொறுத்து அனுப்புங்கள் மிஸ், முதலில் தெரியவேண்டியவர்களுக்கு முதலில் தெரியட்டும்.