நாக்கைப் பிடித்த கை

மேடையில் அமர்ந்திருக்கும் கால்நடை மருத்துவர் ஜெயபிரியா அவர்களே, முன்வரிசையில் துயரமே உருவாக இருக்கும் அண்ணாச்சியின் துணைவியார் ஆவுடையம்மாள் மதினி அவர்களே, தென்காசியிலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் சிவகிரியிலிருந்தும் இன்றைய பிழைப்பை விட்டுவிட்டு வந்திருக்கும் குதிரைக்காரச் சொந்தங்களே, குற்றாலத்து வியாபாரப் பெருமக்களே! சங்கச் செயலாளர் கிங்ஸ்லியின் கனத்த வணக்கம்.

நம் சங்கத் தலைவர், வாயில்லா ஜீவன்களின் வலியறிந்த பெருந்தகை, அண்ணாச்சி பலவேசம் அவர்கள் போய்விட்டார். ஐயோ, இந்த ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்று இதைச் சொல்லுவேன் என்று நான் நினைத்ததே இல்லை! அவரைப் பற்றி நல்லபடியாக எழுதி வைத்துக்கொண்டுதான் வந்தேன். அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டேன், பார்க்கிறீர்கள். அழுகையால் அல்ல. பயத்தால். அண்ணாச்சியைக் கொண்டுபோன வெறிநோய் எந்தக் குதிரையிடமிருந்து வந்ததோ, அந்தக் குதிரையின் நாக்கைப் பிடித்திருந்த இன்னொருவர் இதே மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவர் இன்னும் தடுப்பூசி போட்டுக்கொள்ளவில்லை. அதனால்தான் பயப்படுகிறேன். பயந்துகொண்டேதான் பேசப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யார் இந்தப் பலவேசம்? சீசனுக்குச் சீசன் அருவிக்கரையில் குதிரை ஓட்டிப் பிழைத்த மனிதர், அவ்வளவுதானா? நம்மில் யார் குதிரை நொண்டினாலும் முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டினோம்? யார் சாப்பிட்ட கையைக் கழுவாமல் எழுந்து வந்தார்? சேணம் உரசி முதுகு புண்ணான குதிரைகளை உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி, வேப்பெண்ணெய் தடவி, சொந்தக்காரனை நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் போவார். வைத்தியத்துக்குக் காசு வாங்க மாட்டார். திட்டுக்கும் வாங்க மாட்டார்.

ஆனால் அவருக்கு ஓர் எல்லை இருந்தது. கடையநல்லூரில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலம், பலருக்கு ஞாபகம் இருக்கும். வெள்ளைக் குதிரை வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது, நடுத்தெருவில் படுத்துவிட்டது. ஒருவர் சோடா கொடு என்கிறார். ஒருவர் தன் சட்டைப் பையிலிருந்து மூட்டுவலி மாத்திரையை எடுக்கிறார். அண்ணாச்சி போட்ட சத்தத்தில் மேளமே நின்றுபோனது.

"ஏலே, ஒருத்தனும் ஒண்ணும் குடுக்கப் பிடாது! எழுப்பி நடத்துங்க. டாக்டரம்மாவுக்குப் போனப் போடுங்க!"

குதிரையோடு அவரும் நடந்தார். டாக்டரம்மா வந்தார், குதிரை பிழைத்தது. மாப்பிள்ளை மாமனார் வீட்டுக்கு நடந்தேதான் போனார், அது வேறு கதை.

சிவகிரிக்காரர் ஒருவர், மிச்சமிருந்த வலி ஊசியைத் தானே குத்தி நொண்டிக் குதிரையை ஓடவிட்டபோது அண்ணாச்சி என்ன கேட்டார்? "வலிய மறைச்சிட்டா காலு சரியாயிருமா? வலிதானலே அதுக்கு வாயி! அதையும் பொத்துதியா?" என்று கேட்டார். அந்தச் சிவகிரிக்காரர் இங்கேதான் இருக்கிறார், தலையைக் குனிய வேண்டாம். நம்மில் குத்தாதவர் யார்?

இவ்வளவு தெரிந்த மனிதர் எப்படி ஏமாந்தார்?

மகாராஜா என்ற சிவப்புக் குதிரையை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். என் கூடப்பிறந்த தம்பி சாமுடைய குதிரை. அது ஒரு நாள் தீனியை விட்டது. வாயிலிருந்து எச்சில் கோடாக ஒழுகியது, தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. புல் தொண்டையில் அடைத்துவிட்டது என்று சாம் நினைத்தான். நானும் நினைத்தேன். அண்ணாச்சியும் அப்படித்தான் நினைத்தார். இஞ்சியும் பெருங்காயமும் தட்டிப் போட்டுக் கசாயம் காய்ச்சினார். அவர் மூங்கில் குழலால் ஊற்றினார். ஊற்றியது மூக்கு வழியாக வந்துவிட்டது. உடனே கையை உள்ளே விட்டு அடைப்பைத் தேடினார். குதிரையின் பல் அவர் விரலைக் கீறியது. அவர் கை உள்ளே இருக்கும்வரை நாக்கை வெளியே இழுத்துப் பிடித்திருந்தது சாம். கயிறு அறுத்து வெடித்துக் கிடந்த கையால் பிடித்திருந்தான்.

அடைப்பு இல்லை, ஐயா! அங்கே ஒன்றுமே இல்லை! மகாராஜா இரண்டொரு நாளில் விழுந்து செத்தது. வயிற்றுவலி என்று சொல்லிப் புதைத்தோம். அதற்குச் சில வாரங்கள் முன்னால் லாயத்துக்குள் புகுந்த தெருநாய் ஒன்று அதன் மூக்கைக் கவ்வியிருக்கிறது. சின்னப் பல் தடம்தான். சாம் மஞ்சளைக் குழைத்துப் பூசினான், புண்ணும் ஆறியது. அண்ணாச்சியிடம் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டான். அண்ணாச்சி படுக்கையில் விழுந்த பிறகுதான் வாயைத் திறந்தான்.

பிறகு அண்ணாச்சிக்கு விரலில் குறுகுறுப்பு, காய்ச்சல். அப்புறம் வந்தது தண்ணீர்ப் பயம். அருவிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்த மனிதர்! மதினி டம்ளரை நீட்டினால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். "சன்னல அடைங்கலே, அருவி கேக்குது" என்று கத்தினார். நான் அப்போது பக்கத்தில் நின்றேன். என் வாழ்நாளில் நான் அப்படிப் பயந்ததில்லை. இப்போதும் அந்தக் குரல் காதில் இருக்கிறது. வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் ஓடிப்போய்க் குழாயை மூடிவிடுகிறேன்.

இங்கே இரண்டு விதமாகப் பேச்சு நடக்கிறது. டாக்டரிடம் போகாத திமிருக்குக் கிடைத்த கூலி என்கிறார்கள் சிலர். நாக்கை அடக்குங்கள்! சீசன் கூட்டத்தில், ஞாயிற்றுக்கிழமையில், குதிரையை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு எத்தனை முறை ஓட முடியும்? கைவைத்தியம் இல்லாமல் குதிரை வளர்த்தவன் உண்டா? இன்னும் சிலர், இதெல்லாம் விதி, நாம் பாட்டுக்குக் கசாயத்தைக் கொடுத்துக்கொண்டே இருப்போம் என்கிறார்கள். நீங்களும் அடக்குங்கள்! டாக்டரம்மாவிடம் நானே கோபமாகக் கேட்டேன், அப்படியானால் நாங்கள் ஒன்றுமே செய்யக் கூடாதா என்று. அவர் கோபிக்கவில்லை.

"புண்ணக் கழுவுங்க. பூச்சி மருந்து நான் சொன்ன அளவுல குடுங்க. ஆனா அது சின்ன நோயான்னு மட்டும் நீங்களா முடிவு பண்ணாதீங்க. நாய் கடிச்சதும் முழுங்க முடியாததும் சின்னது இல்ல" என்றார்.

நம் தப்பு அங்கேதான் இருக்கிறது. மருந்து சின்னதாக இருந்தால் நோயும் சின்னது என்று நினைத்துவிட்டோம். மஞ்சள் பூசினால் ஆறுகிற புண்தானே, இஞ்சிச் சாறு கொடுத்தால் போகிற அடைப்புதானே என்று! நோய்க்குப் பெயரை நாமே வைத்துவிட்டோம், நோயைப் பார்க்கவில்லை.

குதிரையைப் புதைத்தவர்கள், அண்ணாச்சிக்குப் பணிவிடை செய்தவர்கள் எல்லோரும் ஊசி போட்டுக்கொண்டோம். சாம் மட்டும் வரவில்லை. முதலில் சொன்னான்: "அது என்னையக் கடிக்கவே இல்லையே." நக்கினாலும் எச்சில் பட்டாலும் வெடித்த தோல் வழியாகப் போகும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அப்புறம் சொன்னான்: "நான் ஊசி போட்டா வெறின்னு ஊரு முழுக்கத் தெரிஞ்சிரும். சாரல் விழுந்து சீசன் தொடங்குனதும் எவன்ணே நம்ம குதிரைல ஏறுவான்?" இன்று காலையில் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். அப்போதுதான் உண்மை வந்தது.

"நாய் கவ்வுனத நான் சொல்லியிருந்தா அவரு அது வாய்க்குள்ள கைய விட்டிருக்கவே மாட்டாரு. அவரு செத்துட்டாரு. எனக்கு எதுக்குண்ணே ஊசி? வந்தா வரட்டும்."

மக்களே, வந்தால் வரட்டும் என்கிறான் என் தம்பி! நோய் தெரிய ஆரம்பித்துவிட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு முன்னால் போட்டால் காப்பாற்றலாம். அது எப்போது தெரிய ஆரம்பிக்கும்? நாளையா? இந்தப் பேச்சு முடிவதற்குள்ளா? டாக்டரம்மாவுக்கும் தெரியாது. அவன் தண்ணீர் குடிக்கும் ஒவ்வொரு தடவையும் நான் அவன் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் மதினியிடம் ஓடினேன். அவர்கள் வீட்டு வாசலில் நின்று அழுதேன். புருஷனைப் பறிகொடுத்த அந்தத் தாய் என்ன சொன்னார்கள் தெரியுமா? "அவுக நெனவு தப்புறதுக்கு முன்னாடி சொன்னது ஒண்ணுதான். சாம் நாக்கப் பிடிச்சான், அவன ஊசி போடச் சொல்லுன்னாக. எனக்குப் பழியும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். அவன் இருந்தாப் போதும்." இதற்கு மேல் ஒரு மனுஷி என்ன கொடுக்க முடியும்?

இரங்கல் கூட்டம் என்றால் மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று முடிவில் உறுதி சொல்ல வேண்டும். சொல்கிறேன். அண்ணாச்சி செய்து முடிக்காமல் போன வைத்தியம் ஒன்று இருக்கிறது. அதைத்தான் நான் தொடரப் போகிறேன். அந்த வைத்தியம் என் கையிலும் இல்லை, உங்கள் கையிலும் இல்லை. தென்காசி அரசு ஆஸ்பத்திரியில் இருக்கிறது. டாக்டரம்மாவின் வண்டி வெளியே நிற்கிறது.

இப்போது எல்லோரும் எழுந்து அண்ணாச்சிக்காக ஒரு நிமிடம் மௌனமாக நில்லுங்கள். நானும் என் தம்பியும் நிற்க மாட்டோம். மதினி மன்னிக்க வேண்டும்.

ஏலே சாம். கடைசி வரிசைல தலையக் கவுத்துக்கிட்டு இருக்கியே, ஒன்னையத்தான் சொல்லுதேன். எல்லாரும் பாக்காவன்னு வெக்கப்படாத. எனக்குப் பயமா இருக்குலே. எந்திரி. நான் எறங்கி வாரேன், ஒங் கையப் பிடிச்சிக்கிடுதேன். மொதல்ல ஊசி. அழுகதெல்லாம் பொறவு.