பிரித்த சாக்கும் பிரிக்காத சாக்கும்

அவைக்குத் தலைமையேற்று அழகு சேர்க்கும் ஹட்டன் வர்த்தகப் பெருந்தகை சப்ராஸ் ஹாஜியார் அவர்களே! பனியைப் பாராமல் மஸ்கெலியாவிலிருந்தும் பொகவந்தலாவையிலிருந்தும் பஸ் ஏறி வந்த பெரியோர்களே! அரைநாள் சம்பளமான அரைப் பேரை இழந்து வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் என் தாய்மார்களே! உங்கள் பிரியந்தியின் நன்றி கலந்த வணக்கம்.

கலாநிதிப் பட்டத்துக்காக மாலை போட்டீர்கள். எதற்குப் பட்டம் என்று கேட்க மாட்டீர்களா? அதோ, ஓர் அம்மா "சொல்லு தாயி" என்கிறார். சொல்கிறேன்.

இருவர் தமக்குள் மட்டும் அறிந்த இரகசியச் சாவியை ஒளித்துகள்களால் உருவாக்குவது குவாண்டம் சாவிப் பகிர்வு. ஒரு பக்கத்துக்கு எளிய கருவியே போதும் என்றால், அது அரைக்குவாண்டம் முறை. அந்த எளிய கருவிக்காரர், மறுபக்கத்திலிருந்து வரும் துகளை அளந்துவிட்டுப் புதியதொன்றை அனுப்புவார். அல்லது தொடாமல் திருப்பிவிடுவார். எதை அளந்தார் என்பது வழியில் நிற்கும் திருடனுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால்? அளந்தவற்றை மட்டும் படித்துச் சாவியைக் கொண்டுபோய்விடுவான்.

"என் முறையில் திருடன் நுழையவே முடியாது" என்று இருநூறு பக்க ஆய்வேடு எழுதினேன். ஒப்படைக்கப் பத்து நாள் இருக்கையில் ஊருக்கு வந்து, என்னோடு படித்து இன்று கொழுந்து பறிக்கும் வினோதாவிடம் பெருமையடித்தேன்.

"ஏன்டி, கொழுந்துச் சாக்கை நாங்க ஆளுக்கொரு முடிச்சாத்தானே கட்டுறோம்? கங்காணி சிலதைப் பிரிச்சுப் பார்ப்பாரு. திரும்பக் கட்டுனா அவரு முடிச்சு, பிரிக்காட்டி என் முடிச்சு. பார்த்த ஒடனே தெரியுமே! ஒங்க திருடன் ஒரு முடிச்சுப் போட்டு அனுப்புனா என்னா செய்வீங்க?"

என்ன கேள்வி! எப்பேர்ப்பட்ட கேள்வி! துகளின் நிறத்தைத் திருடன் சற்றே மாற்றி அனுப்பினால், மாறிய நிறத்தோடு திரும்புவது தொடாதது. வழக்கமான நிறத்தோடு வரும் புதியது அளந்தது. நூல்களில் படித்த தாக்குதல்தான். என்னைத் தாக்காது என்று இறுமாந்திருந்தேன்.

மறைத்திருக்கலாம். மறைத்தால் உடனே பட்டம், எனக்காகக் காத்திருந்த விரிவுரையாளர் பதவி. சொன்னால் அது கைநழுவும். அழுதேன். என் ஆய்வு வழிகாட்டியிடம் சொன்னேன். பதவி போனது. எட்டு மாதம் உழைத்து, நிறம் மாறிய துகளை வாசலிலேயே தடுக்க வடிகட்டி வைத்தேன். எது அளந்தது என்று ஊகிக்க முடியாதபடி, துகள்களைத் திருப்பும் வரிசையையும் கலைத்தேன்.

பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் கேட்டார்: "இந்த ஓட்டையைக் கண்டுபிடித்தவர் எந்தப் பல்கலைக்கழகம்?"

"பொகவந்தலாவைத் தேயிலை மலை, சார்."

அவர் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்துப் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

வினோதா, மூன்றாம் வரிசையில் தலையைக் குனிந்துகொள்ளாதே. எழுந்து நில்! நீ சிரித்துக் கேட்ட அந்த ஒரு கேள்விதான் என்னைப் பொய்யோடு பட்டம் வாங்காமல் காப்பாற்றியது. உனக்கும், உன்னைப் பெற்ற மலைக்கும், பொறுமையாய்க் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. வணக்கம்.