பிழையாய் வாசிக்கிற அம்மா

வட்டுக்கோட்டை பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு தாய்மார் இருந்தார்கள். இருவரின் பிள்ளைகளுக்கும் அடுத்த மாதம் புலமைப்பரிசில் பரீட்சை.

“நான் மகளுக்கு வேணுமெண்டுதான் பிழையாய் வாசிக்கிறனான்” என்றார் ஜன்னலோரம் இருந்தவர்.

“ஏனக்கா அப்பிடி?” என்றார் பக்கத்தில் இருந்த இளையவர்.

“அவள் வாசிச்ச பந்தியை அப்பிடியே பாடமாக்கிச் சொல்லுவாள், ஆனால் விளங்காது. அதாலை, பேப்பர்ச் செய்தியிலை மழைக்கு வெங்காயம் அழுகி விலை ஏறினதெண்டு இருந்தால், நான் இறங்கினதெண்டு வாசிப்பன். முதலிலை அதையும் அப்பிடியே திருப்பிச் சொன்னாள். போன கிழமை வாசிக்கேக்கை என்னை மறிச்சுப்போட்டாள். ‘வெங்காயம் இல்லாட்டி விலை எப்பிடியம்மா இறங்கும்?’ எண்டு கேட்டாள்.”

“சோதினைக்கு உது மட்டும் காணுமோ அக்கா?”

“காணும் பிள்ளை. நேற்று நான் வேறை ஒரு செய்தியை உள்ளபடிதான் வாசிச்சன். அதுக்கும் மறிச்சு, ‘இதிலை காரணம் சொல்லேல்லை, எழுதினவருக்கே விளங்கேல்லைப் போலை’ எண்டாள்.”