வெயிலில் நின்றவர்களை நிழலுக்கு அழைத்தவருக்கு

கொல்லிமலையின் கொண்டை ஊசி வளைவுகளுக்கெல்லாம் நன்கு பழகிய முகமே! எங்கள் ஜவ்வரிசி ஆலையின் சமூகநல அலுவலராய் இருபத்தாறு ஆண்டுகள் அயராது உழைத்து இன்று ஓய்வு பெறும் அம்மையே! பெருமதிப்பிற்குரிய பூங்குழலி அவர்களே!

புகழுரைக்கு முன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. எட்டு ஆண்டுகளுக்கு முன், அல்பினிசம் எனும் பிறவி நிறமிக் குறைபாட்டுடன் வாழும் மலைமக்கள் இருபத்துமூன்று பேருக்குத் தொப்பியும் கண்ணாடியும் வெயில் களிம்பும் வழங்கும் முதல் விழாவுக்கு, இடமும் நேரமும் குறிக்கும் பொறுப்பைத் தாங்கள் நம் பிரிவு உதவியாளர் தமிழ்செல்வனிடம் ஒப்படைத்தீர்கள். தங்கள் பணிக்காலத்தின் ஒரே பிழை அது. அதே தமிழ்செல்வனிடம் இம்மடலை எழுதக் கொடுத்தது எங்கள் பிழை.

போட்டோ பளிச்சென்று விழவேண்டும் என்பதற்காக அவர் தேர்ந்தெடுத்தது செம்மேட்டின் திறந்த மைதானம். நேரம், பகல் பன்னிரண்டு மணி! வெயில் ஆகாத தோலும் வெளிச்சம் தாங்காத கண்களும் உடையவர்களைச் சூரியனுக்கு எதிரே மூன்று வரிசையாக நிறுத்தினார். முகம் மறையுமென்று தொப்பிகளைக் கையில் பிடிக்கச் சொன்னார். "எல்லாரும் கண்ணை நல்லாத் தொறந்து கேமராவைப் பாருங்க!" என்று கத்தவும் செய்தார்.

அப்போதுதான் தாங்கள் ஜீப்பிலிருந்து இறங்கினீர்கள். "ஏனுங்க தமிழு, வெயிலுக்குத் தொப்பி குடுக்க வந்தீங்களா, தொப்பிக்கு வெயில் காட்ட வந்தீங்களா?"

அனைவரையும் சந்தைக் கொட்டகை நிழலுக்கு அழைத்துச் சென்றீர்கள். தலைமை அலுவலகத்துக்குப் போன போட்டோவில் இருட்டும் இரண்டு பெஞ்சுகளும் மட்டுமே தெரிந்தன. அதன் கீழே, "படத்தில் இருப்பவர்கள் நிழலில் நலமாக உள்ளனர்" என்று தாங்கள் எழுதி அனுப்பிய துணிச்சலை என்னென்று சொல்வோம்!

அன்றிலிருந்து நம் முகாம்கள் மாலை ஐந்து மணிக்குமேல் அதே கொட்டகையில்தான். தோல் மருத்துவரும் கண் மருத்துவரும் தவறாமல் மலையேறினர். இக்குறைபாட்டால் பார்வையும் மங்கிய பிள்ளைகளுக்கு வகுப்பில் முதல் பெஞ்சும் உள்ளங்கை அகல எழுத்தில் பாடமும் கிடைக்கும்வரை பள்ளிப் படிகளை ஓயாமல் ஏறியிறங்கினீர்கள். காளப்பநாயக்கன்பட்டி தையற்காரர் ஜாபர் உசேன், காதும் பிடரியும் மறையும் தொப்பிகளைத் தைத்தார். அதன் நெற்றியில் ஆலையின் பெயர் வேண்டுமென்று மேலாளர் பிடிவாதம் பிடித்தபோது, "அது அவங்க தலைங்க சார், நம்ம போர்டு இல்லீங்க" என்றீர்கள். பெயர் உள்பக்கத்துக்குப் போனது.

எனினும், அந்த இருபத்துமூன்று பேரில் ஒருவர் மட்டும் வரவில்லை. மலையின் திண்ணனூர் நாட்டுப் பகுதியில் மரவள்ளி பயிரிடும் சின்னராசு. அன்றைய வெயிலில் அவர் முகம் பத்து நாள் உரிந்தது. பிறகு முகாம் பக்கமே திரும்பவில்லை. ஓராண்டுக்கும் மேலாக அவர் காதில் ஆறாத புண். வெயிலில் வந்த புண்ணைக் காட்டாமல் தள்ளிப்போடக் கூடாது, முற்றினால் உயிருக்கே ஆபத்து என்றார் விவரம் கேட்ட மருத்துவர். "நீங்க கெடுத்தது, நீங்களே போய்க் கூப்பிடுங்க" என்று மாதந்தோறும் தமிழ்செல்வனை அனுப்பினீர்கள்.

"வாங்க போட்டோக்காரரே! கெழங்கு புடுங்கோணுமுங்க, பாக்கலாம்" என்பார் சின்னராசு. அடுத்த மாதம், "ஆடு குட்டி போடற மாதிரி இருக்குதுங்க, பாக்கலாம்." தமிழ்செல்வனின் கணக்குப்படி அந்த ஆடு பதினான்கு மாதமாகக் குட்டி போடப்போகிறது.

போன வாரம், தங்கள் ஓய்வுச் செய்தியோடு போனார். இம்முறை முகாமைப் பற்றிப் பேசவில்லை. "அன்னைக்குத் தப்புப் பண்ணுனது நானுங்கண்ணா. எட்டு வருசமா உங்ககிட்ட அதைச் சொல்லலீங்க. எம்மேல இருக்கற கோவத்தைக் காதுமேல காட்டாதீங்க. வருவீங்களா, மாட்டீங்களா?"

சின்னராசு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மரவள்ளிக் காட்டுக்குள் இறங்கிவிட்டாராம்.

அன்னையே! தாங்கள் நூறாண்டு நோயின்றி, நிறைந்த மனத்தோடு நிழலில் அமர்ந்து வாழ வேண்டுகிறோம். பொன்னாடையும் கடிகாரமும் எல்லா ஓய்வு விழாவிலும் உண்டு. தங்களுக்கெனத் தனியே நாங்கள் கொண்டுவந்திருப்பது, இன்று காலை தமிழ்செல்வனின் போனுக்கு வந்த ஒரு மறுமொழி மட்டுமே:

"சின்னராசு பேசறனுங்க. செவ்வாக்கெழமை அஞ்சு மணிக்கு வாரேன். காதைக் காட்டோணும்."

செவ்வாய் மாலை கொட்டகையில் காத்திருக்கும்,
சமூகநலப் பிரிவு ஊழியர்கள்