ரொட்டி வண்டி

இல்ல தம்பி, ஆம்புலன்ஸ் வரவே இல்ல. வந்துச்சுன்னு யார் சொன்னா? கீழ் வீட்டுக்காரரா? அவர் அன்னிக்கு ஜன்னலைக்கூடத் திறக்கல, அவருக்கு என்ன தெரியும். அந்தப் பெட்டி மேலயே உக்காருங்க, பரவாயில்ல. வீட்டைக் காலி பண்ணிட்டுப் போறதுக்குள்ள உங்கம்மாவுக்கு நடந்ததை நீங்களும் தெரிஞ்சுக்கணும்ல.

எனக்கும் உங்கம்மாவுக்கும் ஆகாது, உங்களுக்கே தெரியும். எதிரெதிர் கதவு, வருஷக்கணக்கா பேச்சுவார்த்தை இல்ல. அவங்க வாசல்ல எங்க செருப்பு கிடக்குதாம், அதுல ஆரம்பிச்ச சண்டை. படியில எதிர்ல வந்தா ரெண்டு பேரும் போனைப் பார்ப்போம். நடிப்புதான், வேறென்ன.

அப்புறம் ஊரடங்கு வந்துச்சு. இப்ப பாருங்க, தெருச் சத்தத்துல உங்ககிட்ட கத்திக் கத்திப் பேசுறேன். அப்போ முனையில சிக்னல் மட்டும் பச்சை, சிவப்புன்னு மாறிட்டே இருக்கும், நிக்கிறதுக்கு ஒரு வண்டி இருக்காது. அந்த அமைதி ஆளைத் தின்னுடும் தம்பி. ஒருநாள் உங்கம்மா கதவைத் திறந்து வச்சு நாற்காலி போட்டு உக்காந்தாங்க. நானும் என் வாசல்ல உக்காந்தேன். உப்பு இருக்கா, இருக்கு. தூங்கினியா, எங்க தூங்குறது. அப்படித்தான் ஆரம்பிச்சோம். கடைசியில உங்களுக்குச் சின்ன வயசுல திக்குவாய் இருந்தது வரைக்கும் சொல்லிட்டாங்க. சிரிக்கிறீங்க. பெருமையாத்தான் சொன்னாங்க.

எங்க வீட்டுக்காரர் ரொட்டிக் கம்பெனி வண்டி ஓட்டினாருல்ல, அதனால அவருக்கு மட்டும் வெளிய போக பாஸ் இருந்துச்சு. உங்கம்மாவுக்குப் பால், மாத்திரை எல்லாம் அவர்தான். நாற்காலி மேல வச்சுட்டுத் தள்ளிப் போய் நிப்பார். தூரத்துச் சொந்தம் வந்தாச்சான்னு உங்கம்மா கிண்டல் பண்ணுவாங்க.

அப்புறம்தான் அந்த இருமல். வெறும் சளின்னாங்க. மறுநாள் நாற்காலி வெளிய வரல. கதவைத் தட்டினா, திறந்தவங்களுக்கு மூச்சு வாங்குது, உதடெல்லாம் நீலம் பாரிச்சுக் கிடக்கு. ஆம்புலன்சுக்குப் போன் போட்டோம். வருது வருதுன்னாங்க, மத்தியானம் ஆகியும் வரல. இனிமே காத்திருந்தா சரிப்படாதுன்னு இவர் போய் வண்டியிலிருந்த ரொட்டித் தட்டெல்லாம் இறக்கிப் படிக்கட்டுல அடுக்கினார். மெத்தையை விரிச்சோம். பின்னாடி நான் ஏறி அவங்களைச் சாய்ச்சுப் பிடிச்சுக்கிட்டேன். காத்து வரட்டும்னு கதவைத் திறந்து வச்சுக் கயித்தால கட்டினார். வண்டி பூரா ரொட்டி வாசனை, வயித்தைக் கிள்ளுது. உங்கம்மா என் காதுகிட்ட வந்து, ஏம்மா, இது ரொட்டி வண்டிதானே, எனக்கு ஒரு வாசமும் தெரியலையேன்னாங்க.

முதல் ஆஸ்பத்திரியில கேட்டையே திறக்கல. அடுத்ததுல ஆளுங்க தரையில கிடக்காங்க, போகச் சொல்லிட்டாங்க. மூணாவது இடத்துல இவர் வாட்ச்மேன் கால்ல விழுந்தார். வீட்ல தண்ணி வேணும்னாக்கூட வாய்விட்டுக் கேக்காத மனுஷன். சக்கர நாற்காலியில வச்சுத் தள்ளிட்டுப் போனாங்க. உள்ள போறப்போ உங்கம்மா கையை மட்டும் தூக்கிக் காட்டினாங்க. மறுநாள் போன் வந்தது உங்களுக்கும்தான் தெரியுமே.

எரிக்கிற இடத்துக்கு ஒரே ஒரு ஆள், அதுவும் சொந்தக்காரங்கதான் வரணும்னாங்க. நீங்க பிளேன் இல்லாம வெளிநாட்டுல மாட்டிக்கிட்டீங்க. இவர்தான் போனார், என்ன உறவுன்னு கேட்டதுக்கு மூத்த மகன்னு சொல்லிட்டாராம். உங்களுக்கு வீடியோவுல காட்டினது அவர் கைதான். படம் ஆடிக்கிட்டே இருந்துச்சுன்னு சொன்னீங்களே, அவர் பயந்துட்டார்னு நினைச்சீங்க. பயம் இல்ல தம்பி. அழுதுட்டு இருந்தார்.

இது என்ன, வாட்ச்சா? அவருக்கா? எதுக்கு தம்பி இதெல்லாம். இல்ல, என்கிட்ட குடுங்கன்னு சொல்லல. அவர் வந்ததும் நீங்களே கையில கட்டிவிட்டுத்தான் கிளம்புவீங்களா.

எடுத்து வைங்க தம்பி. அவர் இல்ல. உங்கம்மா போய் ரெண்டு வாரத்துல அவரும் போயிட்டார். அதே இருமல். எனக்கும் காய்ச்சல், வீட்டை விட்டு வெளிய விடல. அவரை எடுத்துட்டுப் போனப்போ கூட யார் நின்னாங்கன்னு எனக்கு இன்னிவரைக்கும் தெரியாது.

நீங்க வாராவாரம் போன் பண்ணி அழுதுட்டு இருந்தீங்க. அதுக்கு மேல இதை எப்படிச் சொல்றது. அண்ணன் எங்கேன்னு கேப்பீங்க. வேலைக்குப் போயிருக்கார்னு சொல்லுவேன். சொல்லிட்டு போனை வச்சா, கொஞ்ச நேரம் எனக்கும் அப்படித்தான் இருக்கும்.